ஜமைக்காவுக்குத் தனியே செல்ல விரும்பும் ஒருவருக்கு

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கும் 34 வயது ஆண். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் கனடா வந்தவன். நான் தன்பாலீர்ப்புக் கொண்டவன் என்பது நெருங்கிய நண்பர்கள் சிலருக்குத் தெரியும். அம்மா அப்பாவுக்குத் தெரியாது. வரும் பெப்ரவரியில் பத்து நாள் தனியாக ஜமைக்கா போக ஆசைப்படுகிறேன். சபைனா பார்க் மைதானத்தையும் புளூ மவுண்டன் மலையையும் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் கனவு. ஆனால் அந்த நாட்டைப் பற்றிப் படிப்பதெல்லாம் பயமுறுத்துகிறது. கிங்ஸ்டனில் உள்ள ஒருவரோடு சில மாதங்களாகக் கைபேசியில் பேசி வருகிறேன். தன் வீட்டிலேயே தங்கலாம் என்று அவர் அழைக்கிறார். போகலாமா? போனால் பொய் சொல்லிக்கொண்டுதான் நடமாட வேண்டுமா?

பதில்:

அன்புடையீர்,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவுக்கு நீங்கள் போகலாம். ஆனால் அந்த நண்பரின் வீட்டில் தங்க வேண்டாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது எனக்குத் தெரியாது. அவர் மிக நல்லவராக இருந்தாலும் என் பதில் இதுதான். பயண ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் பாதுகாப்பைப் பற்றியே கேட்கிறார்கள், அது இயல்பு. ஜமைக்காவைப் பொறுத்தவரை இன்னொருவரின் பாதுகாப்பும் சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்பதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்களுக்கெதிரான குற்றங்கள் பற்றிய 1864ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியர் காலத்தில் எழுதப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 76ஆம் பிரிவின்படி ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு 10 ஆண்டு வரை கடூழியச் சிறை விதிக்கலாம். 79ஆம் பிரிவு, உடலுறவு அளவுக்குப் போகாத நெருக்கத்துக்கும், அது பூட்டிய அறைக்குள் நடந்தாலும், 2 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. பெண்களுக்கிடையிலான உறவை இச்சட்டம் தொடவில்லை. நீங்கள் பிறந்த இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையிலுள்ள 365, 365அ பிரிவுகளும் இதே ஆட்சியாளர்களின் கையிலிருந்து வந்தவைதான். ஆகவே இப்படிப்பட்ட ஒரு சட்டத்தின் நிழலில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது உங்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்காது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணையம் 2021இல் வெளியிட்ட முடிவில் இந்தப் பிரிவுகளை நீக்கும்படி ஜமைக்காவிடம் கூறியது. ஆனால் 2011ஆம் ஆண்டின் அடிப்படை உரிமைச் சாசனத்திலேயே, பாலியல் குற்றங்கள் தொடர்பான பழைய சட்டங்களை உரிமை மீறல் என்று சொல்லி நீதிமன்றத்தில் வீழ்த்த முடியாதபடி ஒரு பாதுகாப்பு வாசகம் சேர்க்கப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் மாரிஸ் டொம்லின்சன் தொடுத்த வழக்கு 2023 ஒக்டோபரில் தோற்றதற்கு அதுவே காரணம்.

இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், சம்மதத்தோடு தனிமையில் இருந்த வயதுவந்த இருவர் அதன் கீழ்த் தண்டிக்கப்படுவது அரிது. தன்பாலீர்ப்புக் கொண்டவராக இருப்பது குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை, ஆகவே விமான நிலையத்தில் யாரும் உங்களை அதற்காக நிறுத்திவைக்கப் போவதில்லை. ஆண்டுக்கு 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளை நம்பி வாழும் நாடு அது. அவர்களிடையே உங்களைப் போன்றவர்கள் எப்போதும் இருக்கிறார்கள் என்பது விடுதி நடத்துபவர்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. உங்களை மிரட்டிப் பணம் பறித்தவனைப் பற்றி நீங்கள் காவல் நிலையத்தில் முறையிடத் தயங்குவீர்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தை உங்களுக்குக் கொடுப்பது 1864ஆம் ஆண்டுச் சட்டம்தான். காவல்துறை தன் அதிகாரிகளுக்காக 2011இல் பன்மைத்துவக் கொள்கை ஒன்றை வகுத்திருந்தாலும், தெருவோரக் காவலரிடம் அது எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு நீங்கள் பயணம் செய்ய முடியாது.

மக்களின் மனப்போக்கைப் பற்றிப் படித்துப் பயந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்திகளில் பல உண்மை. ஜே-ஃபிளாக் என்ற, தன்பாலீர்ப்புக் கொண்டவர்களுக்கான உரிமை அமைப்பை 1998இல் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் வில்லியம்சன் 2004இல் கிங்ஸ்டனில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2013 ஜூலையில் மொன்டேகோ பே நகருக்கு அருகே, பெண் உடையில் ஒரு நடனக் கொண்டாட்டத்துக்குச் சென்ற 16 வயதுப் பிள்ளையை அங்கிருந்த கூட்டமே அடித்துக் கொன்றது. இந்தச் சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்று 2014இல் தேவாலய அமைப்புகள் கிங்ஸ்டனில் பெருங்கூட்டம் கூட்டின. அதே நாட்டில்தான் போர்ஷியா சிம்ப்சன் மில்லர் 2011ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதத்தில் இச்சட்டத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று துணிந்து பேசி, அதன்பிறகும் தேர்தலில் வென்று பிரதமரானார். ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. 2015 ஓகஸ்டில், அடிமை விடுதலை நாளும் சுதந்திர நாளும் வரும் அந்த வாரத்தில், தன்பாலீர்ப்புக் கொண்டவர்கள் பெருமையோடு கூடும் பிரைட் விழா கிங்ஸ்டனில் முதன்முறையாக நடந்தது. உள்ளே இருந்துகொண்டே போராடுபவர்கள் பலர் அங்கே இருக்கிறார்கள். உலகிலேயே மோசமான நாடு என்று வெளியிலிருந்து ஒட்டப்படும் முத்திரையை அவர்களே விரும்புவதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்து நாட்களில் நீங்கள் உண்மையில் எதிர்கொள்ளப்போவது பேச்சுதான், அதுவும் ஓயாத பேச்சு. ஜமைக்காக்காரர்கள் வாய்விட்டுப் பழகுபவர்கள். விமான நிலையத்திலிருந்து ஏறும் வாடகைக் காரின் ஓட்டுநர் முதல் அரைமணி நேரத்துக்குள் மனைவி எங்கே, எத்தனை 'பிக்னி' என்று கேட்டுவிடுவார். பிள்ளைகளை அப்படித்தான் சொல்வார்கள். தனியாக வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நல்ல பெண் ஒருத்தியை அறிமுகப்படுத்தவா என்ற கேள்வியும் வரலாம். வெள்ளவத்தையிலோ ஸ்காபரோவிலோ கல்யாண வீட்டில் மாமிமாரின் விசாரணையைத் தாண்டிப் பழகிய உங்களுக்கு இந்தக் கேள்விகளைச் சமாளிக்கும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மா தினமும் கேட்கிறார்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பேச்சு அம்மாவின் பக்கம் திரும்பிவிடும். தாயை மிகவும் போற்றும் சமூகம் அது. அடுத்து நீங்களே கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். கோர்ட்னி வால்ஷின் பெயரைச் சொன்னால் கிங்ஸ்டன் போய்ச் சேரும்வரை அவர் வேறு எதையும் கேட்க மாட்டார்.

பொய் சொல்லத்தான் வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. இல்லாத மனைவியையும் பிள்ளைகளையும் உருவாக்கிச் சொல்லாதீர்கள். பொய்க் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுமப்பது பயணத்தின் மகிழ்ச்சியைத் தின்றுவிடும், எங்கேயாவது பிடிபடவும் செய்யும். கேட்பவர் யார் என்று தெரியாத இடத்தில் உங்கள் வாழ்க்கையை அவருக்குத் திறந்து காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதை அவமானம் என்று எண்ணி உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம்; வீட்டில் இத்தனை ஆண்டுகளாக மறைத்து வாழ்ந்தவருக்கு அந்தப் பழைய பாரம் அங்கேயும் எழக்கூடும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். உரையாடலில் யாராவது தன்பாலீர்ப்புக் கொண்டவர்களைப் பழித்துப் பேசினால், விவாதிக்கப் புறப்படாமல் விலகிவிடுங்கள். 'பேட்டிமேன்', 'சீச்சிமேன்' ஆகியவை உங்களைப் போன்றவர்களைக் குறிக்கும் வசைச் சொற்கள். அவை உங்களை நோக்கி உரக்கச் சொல்லப்பட்டால் மறுமொழி சொல்லாமல், ஓடாமல், ஆட்கள் நிறைந்த கடையொன்றுக்குள்ளோ விடுதிக்குள்ளோ போய்விடுங்கள்.

நம்மவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் உண்டு. நம் ஊர்களில் ஆண் நண்பர்கள் தோளில் கை போட்டுக்கொண்டும் விரலைக் கோத்துக்கொண்டும் நடப்பதில் யாரும் தவறு காண்பதில்லை. ஜமைக்காவில் ஆண்கள் ஒருவரையொருவர் தொடுவதில் மிகுந்த கட்டுப்பாட்டோடு இருக்கிறார்கள். மடக்கிய கைவிரல்களை ஒன்றோடொன்று இடித்து 'ரெஸ்பெக்ட்' என்று சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது. புகைப்படத்துக்கு நிற்கும்போது பழக்கதோஷத்தால் வழிகாட்டியின் தோளில் கை வைத்துவிடாதீர்கள். உங்கள் இயல்போடு எந்தத் தொடர்பும் இல்லாத அந்தக் கை, அவரைத் தம் ஆட்களின் முன் சங்கடப்படுத்தும். உடையில் பெரிய கட்டுப்பாடு எதுவுமில்லை. இராணுவப் புள்ளிகள் போட்ட துணியை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், பொதுமக்கள் அதை அணிவது அங்கே சட்டவிரோதம்.

இனி, அந்த நண்பர். கிங்ஸ்டனில் சாதாரணக் குடியிருப்புகளில் பல வீடுகள் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொள்பவை. யார் வந்தார், எத்தனை மணிக்கு விளக்கு அணைந்தது என்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது. தனியாக வாழும் ஓர் ஆணின் வீட்டில் வெளிநாட்டு ஆண் ஒருவர் நான்கைந்து இரவு தங்கிப் போனால் அதைப் பற்றிப் பேச்சு எழும். நீங்கள் பதினோராம் நாள் ரொறன்ரோவில் இறங்கிவிடுவீர்கள். அவர் அதே முற்றத்தில்தான் காலையில் கண்விழிக்க வேண்டும். பேச்சு வளர்ந்து வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்வதும், குடும்பத்தாரே துரத்திவிடுவதும், கல்லெறி விழுவதும் அங்கே பலருக்கு நேர்ந்திருக்கின்றன. அப்படித் துரத்தப்பட்ட இளைஞர்கள் கிங்ஸ்டனின் நியூ கிங்ஸ்டன் பகுதியிலுள்ள மழைநீர்க் கால்வாய்களுக்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த கதை உலகப் பத்திரிகைகளில் வந்தது. அவர் அன்பினால் அழைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அன்பில் இருப்பவர் தமக்கு வரக்கூடிய ஆபத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுவார். அதை அவருக்காகச் சரியாக மதிப்பிட வேண்டியவர் நீங்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நேரில் கண்டிராத ஒருவர் அவர். காணொளியில் பேசியிருக்கிறீர்களா, குரலையும் முகத்தையும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நட்புச் செயலி வழியே பழகி, தனி வீட்டுக்கு வரவழைத்து, அங்கே காத்திருக்கும் கூட்டாளிகளோடு சேர்ந்து கொள்ளையடிப்பதும், படங்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மிரட்டுவதும் இத்தகைய சட்டம் உள்ள நாடுகளில் எல்லாம் நடக்கின்றன. பயணத்துக்கு முன்பே பணம் கேட்டால், எவ்வளவு உருக்கமான காரணம் சொன்னாலும், பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகமும் உடலும் சேர்ந்து தெரியும் படம் எதையும் அனுப்பாதீர்கள். ஜமைக்காவில் இறங்கிய பின் புதியவர்களைத் தேடிச் செயலியைத் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கைபேசி திருடுபோனால் அதில் என்ன இருக்கும் என்பதை எண்ணி, புறப்படும் முன்பே அந்தச் செயலியை நீக்கிவிடுவது இன்னும் நல்லது.

அவரைச் சந்திக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலில், டெவன் ஹவுஸ் வளாகத்தில் சந்தியுங்கள். ஜோர்ஜ் ஸ்டீபல் என்ற கறுப்பினச் செல்வந்தர் 1881இல் கட்டிய மாளிகை அது. அதன் முற்றத்தில் விற்கும் ஐஸ்கிரீமுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். கையில் ஐஸ்கிரீமோடு மர நிழலில் உட்கார்ந்து இரண்டு ஆண்கள் கிரிக்கெட் பேசுவதை அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கே சந்திப்பது, எவ்வளவு நேரம், இரண்டாம் முறை பார்ப்பதா என்பதையெல்லாம் அவர் விருப்பப்படி விடுங்கள். தம் ஊரை அவருக்குத்தான் தெரியும். உங்கள் விடுதிக்கு அவரை அழைக்கும் முன் ஒன்றை யோசியுங்கள்: பல விடுதிகளில் விருந்தாளியின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பதிவு செய்வார்கள், வரவேற்பில் இருப்பவர் அவருக்கு அறிமுகமானவராகவும் இருக்கலாம். உங்கள் இருவரின் படத்தை எந்தச் சமூக ஊடகத்திலும் போடாதீர்கள், ஊர் திரும்பிய பிறகும் போடாதீர்கள்.

தங்குமிடத்தை நியூ கிங்ஸ்டனில் தேர்ந்தெடுங்கள். மற்ற நாட்களுக்கு நெக்ரில் நல்லது, நீண்டகாலமாகப் பயணிகளைக் கண்டு பழகிய கடற்கரை அது. 2025 ஒக்டோபர் 28இல் கரையேறிய மெலிசா புயல் தீவின் மேற்குப் பகுதியைக் கடுமையாகத் தாக்கியதால், அந்தப் பக்கம் எந்த விடுதியையும் பதிவு செய்யும் முன் அது முழுமையாக இயங்குகிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஊர்களுக்கிடையே நட்ஸ்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் பேருந்துகள் வசதியானவை. வாடகைக் கார் என்றால் சிவப்பு எண் பலகை உள்ளதில் மட்டும் ஏறுங்கள், இரவில் விடுதி மூலமாக வரவழையுங்கள். புளூ மவுண்டன் சிகரம் 2,256 மீட்டர் உயரம். சூரியோதயத்தைப் பார்க்க அதிகாலை இரண்டு மணியளவில் விட்ஃபீல்ட் ஹால் பக்கத்திலிருந்து வழிகாட்டியோடு குழுவாக ஏறுவார்கள். தனியாக வந்தவருக்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது, இருட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது உங்கள் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

காவல்துறைக்கு 119, மருத்துவ வண்டிக்கும் தீயணைப்புக்கும் 110 என்ற எண்களைக் கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாக்கப்பட்டாலோ மிரட்டப்பட்டாலோ காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகும் முன் கிங்ஸ்டனிலுள்ள கனடியத் தூதரகத்தை அழையுங்கள். நடந்த குற்றத்தைச் சொல்லுங்கள், உங்கள் அந்தரங்கத்தைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாத்திரைகள் எதுவாயினும், எச்.ஐ.வி. தடுப்புக்கான பிரெப் உட்பட, மருந்துச் சீட்டோடு அசல் குப்பியிலேயே எடுத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு மிகவும் தேவையான விஷயம் ஒன்று இருக்கிறது. பயணக் காப்புறுதிப் படிவத்திலும், வெளிநாடு செல்லும் கனடியர்களுக்கான அரசின் இலவசப் பதிவிலும், அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்பார்கள். கை தானாக அம்மாவின் எண்ணையோ அண்ணாவின் எண்ணையோ எழுதிவிடும். மலையில் கால் முறிந்தால் அதனால் கேடு இல்லை. ஆனால் நீங்கள் பேச முடியாத நிலையில் மருத்துவமனையில் இருக்கும்போது, யாரோடு இருந்தீர்கள், எந்தச் சூழ்நிலையில் காயம் பட்டது என்ற விவரங்கள் நள்ளிரவில் உங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் போனால், பெற்றோரிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டிய செய்தியை ஓர் அந்நியர் சொல்லியதாகிவிடும். அந்த உரிமை உங்களுடையது. அதை ஒரு விபத்திடம் விட்டுவிடாதீர்கள். உங்களைப் பற்றி முழுவதும் அறிந்த நண்பர் ஒருவரைத் தேர்ந்து, அவர் பெயரை எழுதுங்கள். கடவுச்சீட்டின் நகலையும், தங்கும் இடங்களின் முகவரிகளையும், கிங்ஸ்டன் நண்பரைச் சந்திக்கும் நாளையும் நேரத்தையும் அவரிடம் கொடுத்துவையுங்கள். வீட்டுக்கு எதை, எப்போது, எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்பதையும் இப்போதே அவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கையோடு போவதா என்று சலிப்பு ஏற்பட்டால், கரீபியனில் வேறு தீவுகளும் உண்டு. அன்டிகுவா, சென் கிட்ஸ், பார்படோஸ் மூன்றிலும் 2022இலும், டொமினிக்காவில் 2024இலும், சென் லூசியாவில் 2025இலும் நீதிமன்றங்கள் இதே வகைச் சட்டங்களை நீக்கிவிட்டன. குராசாவிலும் அருபாவிலும் ஒருபாலினத் திருமணமே இப்போது சட்டப்படி செல்லும். அங்கெல்லாம் இன்னும் நிம்மதியாக நடக்கலாம். ஆனால் சபைனா பார்க் அங்கே இல்லை. நெடுநாள் கனவு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்த பிறகு, கனவை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் விரும்பவில்லை.

விமானச் சீட்டு வாங்கும் முன் கனடிய அரசின் பயண அறிவுறுத்தல் பக்கத்தில் அந்த வாரத்து நிலவரத்தைப் பாருங்கள். அவசரநிலை அறிவிக்கப்பட்டுள்ள பகுதிகள் அவ்வப்போது மாறும். வீட்டில் தங்க வரமாட்டேன் என்பதை நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கான காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை எனக்கு எழுதினால், கிங்ஸ்டனில் எத்தனை இரவு தங்குவது என்பதை அதற்குப் பிறகு சேர்ந்து தீர்மானிக்கலாம்.